மனச்சிதைவு நோயும் வீட்டாரும்

காய்ச்சலென்றும் எலும்பு முறிவென்றும் ஒருவர் படுத்துவிட்டால், ஊரார் அவர்தம் வீட்டாருக்கு ஆறுதல் கூற வருவர். மனச்சிதைவு நோய் என்று வைத்தியர் பெயர் கூறிவிட்டாலோ வருவோர் தொகை குறைகின்றது. வருகின்ற சிலரும் வளர்ப்பில் பிழையோ, பரம்பரையில் பழுதோ என்று துருவத் தொடங்குகின்றனர். இது கல்லாதோரின் பேதைமை என்று ஒதுக்கிவிடல் இயலாது. ஒரு காலத்தில் கற்றோரும் இவ்வாறே வினவினர்.

உளப்பகுப்பாய்வாளரான பிரீடா புரொம்-றைக்மன் அமெரிக்காவில் 1948 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், இந்நோயைத் தோற்றுவிக்கும் தாய் என்றொரு கருத்தை முன்வைத்தார். ஒன்றோடொன்று முரண்படும் கட்டளைகளுக்கிடையே சிக்கித் தவிக்கும் பிள்ளையே நோயுறுகின்றது என்று 1956 இல் கிறெகரி பேற்சனும் அவர்தம் சகாக்களும் வாதித்தனர். இவற்றை நிலைநாட்டத்தக்க சான்று பின்னர் கிட்டவில்லை. பரம்பரைக் கூறுகள், மூளையின் வளர்ச்சி, வாழ்க்கைச் சூழல் ஆகியன பின்னிப் பிணைந்தே இந்நோய்க்கு இடந்தருகின்றன என்பது இன்றைய அறிவு. ஆயினும், செய்யாத குற்றத்திற்காகத் தாய்மார் பலர் தம்மையே நொந்துகொண்ட காலம் அது.

இதே காலத்தில் இலண்டனிலே வேறொரு விசாரணை தொடங்கியது. புதிய மருந்துகளின் பயனாகப் பலர் வைத்தியசாலையை விட்டு வெளியேறினர். அவருட் சிலர் விரைவில் மீண்டும் வந்து சேர்ந்தனர். இதன் காரணத்தை ஆராயப் புகுந்த சமூகவியலாளர் ஜோர்ஜ் பிறவுண், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியோரைவிட, வாடகை விடுதிகளிலும் உடன்பிறந்தாரிடத்தும் தங்கியோர் நலமாயிருந்ததைக் கண்டார். அன்பு மிகுந்த இடத்தில் நோய் மீள்வது விந்தையன்றோ?

விடை வீட்டுப் பேச்சிலே கிடைத்தது. இடைவிடாது குறைகூறல், பகைமை, கைக்குழந்தையைப் போல் எந்நேரமும் பொத்திப் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் நோய் மீளுதலோடு தொடர்புடையன என அறியப்பட்டது. பிறவுணும் சகாக்களும் 101 நோயாளரை ஆராய்ந்து 1972 இல் வெளியிட்ட முடிவின்படி, இத்தன்மைகள் மிகுந்த வீடுகளுக்குச் சென்றோருள் நூற்றுக்கு 58 பேர் ஒன்பது மாதத்துள் மீண்டும் நோயுற்றனர். ஏனைய வீடுகளில் அத்தொகை 16 மாத்திரமே.

இவ்விடத்தில் வாசகர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பழைய குற்றச்சாட்டே புதிய உடையில் வந்துவிட்டதோ என்று ஐயுறுதல் எளிது. நோயின் பிறப்புக்குக் காரணம் யாது என்பது ஒரு வினா; வந்த நோய் மீண்டும் தலைதூக்குவது ஏன் என்பது மற்றொன்று. இரவிரவாக உறங்காது நடமாடும் மகன். நாட்கணக்கில் குளிக்க மறுக்கும் மகள். தன்மேல் ஐயங்கொண்டு சோற்றைத் தொடாத கணவன். இவரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர் நாவிலே கடுஞ்சொல் பிறப்பது கொடுமையாலன்று, களைப்பாலும் அறியாமையாலுமே. மகன் சோம்பியிருக்கின்றான் என்று ஏசும் தந்தைக்கு, அச்சோம்பலும் நோயின் ஒரு கூறே என எவரும் கூறியதில்லை.

அதனைக் கூறுவதிலேயே குடும்பச் சிகிச்சை தொடங்குகின்றது. நோயாளியும் வீட்டாரும் பயிற்சி பெற்ற ஒருவரோடு கூடியமர்ந்து நோயின் இயல்பை அறிகின்றனர். நோய் மீளுமுன் தோன்றும் அறிகுறிகளைக் குறித்துக்கொள்கின்றனர். வேண்டியதை ஏசாது கேட்கவும், பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாக்கித் தீர்க்கவும் பழகுகின்றனர். மருந்தை இது விலக்குவதில்லை. அதனோடு சேர்ந்தே பயன் தருகின்றது. இலண்டனில் ஜூலியன் லெவ்வும் சகாக்களும் 1982 இல் வெளியிட்ட சிறு பரிசோதனையொன்றில், மருந்து மாத்திரம் பெற்றோருட் பாதிப்பேர் ஒன்பது மாதத்துள் மீண்டும் நோயுற்றனர். குடும்பச் சிகிச்சையும் பெற்றோருள் அவ்வாறானோர் பத்திலொரு பங்கினரே. ஓராண்டு வரையான காலத்தில் பத்து அமர்வுகளாவது வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டியின் விதி.

மேலை நாடுகள் குடும்பத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கிய வேளையில், இந்தியாவில் அதனைத் துணையாக்கிய வைத்தியரும் இருந்தனர். 1950களில், இடநெருக்கடி மிகுந்த அமிர்தசரசு மனநோய் வைத்தியசாலையின் வளவிலே வித்தியாசாகர் கூடாரங்களை அமைத்து, நோயாளரோடு உற்றாரையும் தங்கவைத்தார். அருகிருந்து பராமரித்தவர்கள் அச்சம் நீங்கி, நோயாளரை வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல நிலையமும் நோயாளரோடு குடும்பத்தவர் தங்கும் முறையைக் கைக்கொண்டது.

இதனைக்கொண்டு, எமது கூட்டுக் குடும்பமே போதிய மருந்து எனப் பெருமை பேசுவோர் உளர். அக்குடும்பம் இன்று எங்கேயிருக்கின்றது? போர் சிலரைக் கொண்டுபோயிற்று. வெளிநாட்டுப் பயணம் பலரைப் பிரித்தது. பல வீடுகளில் எஞ்சியிருப்பது நோயுற்ற மகனும் முதிய தாயுமே. எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்ற அவளது வினாவிற்குப் பண்பாட்டுப் பெருமை விடையாகாது.

பெரிய வைத்தியசாலைகளையே நம்பியிராது சமூகத்தினுள்ளே சிகிச்சை அமைதல் வேண்டும் என்பது இலங்கையின் 2005 ஆம் ஆண்டு உளநலக் கொள்கையின் நோக்கு. நல்ல நோக்கே. ஆயின், சமூகம் என்று கொள்கை வகுப்போர் கூறுவது நடைமுறையில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளையே குறிக்கின்றது. நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் அரசு, பயிற்சி பெற்ற ஊழியரையும் அவ்வீட்டிற்கு அனுப்புதல் கடனாகும். மாத்திரையை எழுதிக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு வீட்டாரின் பேச்சைக் கேட்பதற்குப் பல மணி நேரம் வேண்டும். அந்நேரத்திற்குரிய செலவை ஏற்காத எந்தத் திட்டமும், பழைய குற்றவாளிக் கூண்டிலிருந்து தாயை இறக்கி, தனிக்காவலில் வைத்ததாகவே முடியும்.