துடைத்துப் பார்த்தீர்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீச்சருக்குக் கோபம் வந்தால் பாதியில் எழுந்து போக முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே கடைசி வரை படியுங்கள்.

விஷயம் என் கார். 2004-இல் ஜி.பி.எஃப். கடன் போட்டு வாங்கிய மாருதி 800. உங்களில் சிலர் அறிவியல் கண்காட்சிக்கு அதில் ஐந்து பேர், ஆறு பேர் என்று நெருக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வர எனக்கு அது போதும். எங்கள் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருக்கு சைக்கிள்தான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, வாசலில் நின்ற வண்டியை நகர்த்திவிட்டுக் கோலம் போடத் தண்ணீர் தெளித்தேன். தரையில் வானவில் மாதிரி நிறம் நிறமாகப் பரவியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் நான்கைந்து கரும்பொட்டுகள். என்ஜின் ஆயில்.

அன்றைக்கே ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். ஒரு தம்பி குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தான். அரை நிமிடம் இருக்கும். எழுந்து சொன்னான்: “கிராங்க் பின்சீல் போயிடுச்சு மேடம். கியர் பாக்ஸை இறக்கணும். இறக்கினதும் கிளட்ச் செட்டையும் சேர்த்து மாத்திடலாம்.” எஸ்டிமேட் 16,500 ரூபாய்.

“அந்த சீல்தான்னு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டேன்.

“உங்களுக்குச் சொன்னா புரியாது மேடம். சாரை வரச் சொல்லுங்க.”

சாருக்கு வண்டியின் பானட் எப்படித் திறக்கும் என்றே தெரியாது. இருபது வருடமாக அந்த வண்டிக்கு ஆயில் அளவு பார்ப்பது, டயருக்குக் காற்று அடிப்பது, நடுவழியில் நின்றால் இறங்கிப் பார்ப்பது எல்லாம் நான். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் வந்த பதில்கள் அதைவிட மோசம். “பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க சித்தி” என்றான் ஒருவன். “புதுசு வாங்கும்மா, ஈ.எம்.ஐ. நான் கட்டுறேன்” என்றான் என் பெரியவன். ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், பொறியியல் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு இருபது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவள். திரவம் மேலிருந்து கீழே ஓடும் என்பதை யாரும் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்ஜினில் ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. உச்சியில் இருக்கும் டேப்பட் கவர் ஓரம் லேசாகக் கசிந்தால் போதும். ஆயில் என்ஜின் சுவரோடு வழிந்து, ஏதாவது விளிம்பில் தேங்கி, கடைசியில் ஆகத் தாழ்வான இடத்தில் சொட்டும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். என் வண்டியில் சொட்டியது என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில். பின்சீல் போனாலும் அங்கேதான் சொட்டும். மேலே டேப்பட் கவரின் கியர் பாக்ஸ் பக்கத்து மூலை கசிந்தாலும் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். ஆகையால் அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அது ஒரு ஊகம். அந்த ஊகத்துக்கு 16,500 ரூபாய் கேட்டதுதான் என் கோபம். அதைச் சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு. துடைத்துவிட்டுப் பார்ப்பது.

நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கும் இது பொருந்தும்.

முதலில், ஒழுகுவது என்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் இரவு ஒரு பெரிய அட்டையை விரித்துவையுங்கள். முன்சக்கரம் எங்கே நின்றது என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நிறமில்லாத வெறும் தண்ணீர் இருந்தால் அது ஏ.சி. தண்ணீர், கவலை இல்லை. பச்சை அல்லது இளஞ்சிவப்பாக நீர்த்து இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக, நீர்த்த எண்ணெய் மாதிரி இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில்.

அடுத்து டிப்ஸ்டிக். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்குக் கீழே இருந்தால் ஆயில் ஊற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றினாலும் தொல்லை, அதுவே கசிவை வரவழைக்கும்.

அதற்குப் பிறகு, என்ஜின் நன்றாக ஆறியபின் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டர், ஒயர் இணைப்புகள் மேல் பிளாஸ்டிக் உறை கட்டிவிட்டு, டிகிரீசரும் பழைய பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவில்லை, துணியால் துடைத்து எடுத்தேன். அரை நாள் காயவிட்டேன். பிறகு சந்தேகப்பட்ட ஓரங்களிலெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். சிரிக்காதீர்கள். காய்ந்த இடத்தில் பவுடர் வெள்ளையாகவே நிற்கும், ஆயில் வரும் இடத்தில் கறுத்துக் கோடு விழும்.

சுவாமிமலை வரை போய்த் திரும்பினேன். டார்ச்சோடு பார்க்கும்போது அடியில் பார்க்கவில்லை, மேலிருந்து பார்த்தேன். ஈரமான இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டேப்பட் கவரின் மூலையில், கியர் பாக்ஸ் பக்கம், பவுடரில் கறுப்புக் கோடு. அதற்கு மேலே எல்லாம் வெள்ளை.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆமாம்மா, டேப்பட் கவர் பேக்கிங்தான்” என்றார். கழற்றிப் பார்த்தால் பழைய பேக்கிங் வற்றல் மாதிரி இறுகி, கையில் எடுத்ததும் ஒடிந்தது. இருபது வருடச் சூட்டில் ரப்பர் அப்படித்தான் ஆகும். புதுப் பேக்கிங் 220, கூலி 400. ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் மறுபடி பொட்டு விழுந்தது.

இங்கேதான் என் தப்பையும் சொல்ல வேண்டும். கசியும் இடத்தைக் கண்டுபிடித்தேனே தவிர, ஏன் கசிகிறது என்று நான் கேட்கவில்லை. என்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். எல்லா என்ஜினிலும் இது உண்டு. அந்தப் புகை வெளியேற ஒரு ரப்பர் குழாயும் பி.சி.வி. என்று ஒரு சின்ன வால்வும் வைத்திருக்கிறார்கள். அவை அழுக்கில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் கேஸ்கட் ஓரமாக ஆவி பீய்ச்சும். அப்போது கேஸ்கட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்போமா? நாற்பது வருடம் குக்கர் வைத்தவளுக்கு இது தோன்றவில்லை. மெக்கானிக் அந்தக் குழாயைக் கழற்றினார். உள்ளே தார் மாதிரி அடைத்திருந்தது. வால்வைக் குலுக்கினால் வர வேண்டிய ‘கடகட’ சத்தமே இல்லை. இன்னொரு பேக்கிங் 220, வால்வும் குழாயும் 480, கூலி 250. இரண்டு தடவையும் சேர்த்து 1,570 ரூபாய். மாசியில் செய்தது. இது ஆவணி. வாசல் காய்ந்து கிடக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். அன்று நான் 16,500 கொடுத்திருந்தால் பணம் போனதோடு முடிந்திருக்காது. நன்றாக இருந்த சீலும் கிளட்சும் குப்பைக்குப் போயிருக்கும், டேப்பட் கவர் அப்படியே கசிந்துகொண்டிருக்கும். அடுத்த மாதம் “என்ஜினையே இறக்கணும் மேடம்” என்றிருப்பார்கள். நீங்கள் எல்லோரும் “அப்பவே சொன்னேனே, வித்துடுங்கன்னு” என்றிருப்பீர்கள்.

வகுப்பறையிலும் இதே தவறை நான் செய்திருக்கிறேன். நீள் வகுத்தல் வராத பிள்ளைக்கு இன்னும் இருபது வகுத்தல் கணக்கு கொடுப்பேன். அப்படியும் வராது, திட்டுவேன். பல வருடம் கழித்துத்தான் நோட்டை வரிவரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வகுத்தல் தெரிந்திருக்கும், நடுவில் கடன் வாங்கிக் கழிப்பதில் தப்பு விட்டிருக்கும். விடை தப்பாகத் தெரிந்த இடம் வகுத்தல், கசிந்த இடம் கழித்தல். அந்த நோட்டுகளை நான் முன்பே அப்படிப் பார்க்காததற்கு, அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, பட்டறைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போகலாமா? கூடாது. பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்னது உறைத்தது. “டீச்சர், ரெண்டு மணி நேரம் கழுவித் துடைச்சு, ஓட்டிப் பார்த்து, ‘வால்வுதான், ஐந்நூறு ரூபாய்’னு சொன்னா, பார்த்ததுக்குக் கூலி தர மாட்டேங்கறாங்க. ‘சும்மா பார்த்ததுக்கா காசு?’ன்னு சண்டைக்கு வர்றாங்க. பார்ட்ஸ் மாத்தினா மட்டும் பில்லைப் பேசாம கட்டிடறாங்க.”

உண்மைதானே? டாக்டரிடம் மாத்திரை எழுதாமல் “ஒன்றுமில்லை, தூங்கி எழுங்கள்” என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் கண்ணுக்கும் மூளைக்கும் காசு கிடையாது, கையில் புதுச் சாமான் இருந்தால்தான் காசு என்கிறோம். அப்படியானால் அவர் சாமான் மாற்றத்தான் பார்ப்பார். முதலில் நோயைக் கண்டுபிடி, பிறகு அதன் காரணத்தைக் கண்டுபிடி, அதற்குப் பிறகு வைத்தியம் செய் என்று வள்ளுவர் வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் குறளை நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒப்பித்தவர்கள்தான். நாம் மூன்றாவதற்கு மட்டும் பணம் கொடுத்துக்கொண்டு, முதல் இரண்டும் நடக்கவில்லை என்று புலம்புகிறோம்.

ஆகவே நான் சொல்வது இது. பார்ப்பதற்குக் கூலி கொடுங்கள். “கழுவி, ஓட்டிப் பார்த்து, எங்கிருந்து வருதுன்னு காட்டுங்க. வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் அதுக்குத் தனிக்கூலி தர்றேன்” என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்கு அப்புறமும் காட்டாமல் எஸ்டிமேட் மட்டும் நீட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெரிய வேலை வரவே வராது என்று நான் சொல்லவில்லை. மேலே எல்லாம் காய்ந்திருந்து, கீழே என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மட்டும் புது ஆயில் ஊறினால், பின்சீலைச் சந்தேகப்படுவது நியாயம். காற்றுவழி சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகப் பீய்ச்சினால் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வண்டியை விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். தரையில் கிடக்கும் நான்கு பொட்டைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. “கசிவை நிறுத்தும்” பாட்டில் மருந்தை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், காரணம் அப்படியே இருக்கும். பேக்கிங் மேல் பசையை அப்பச் சொல்லாதீர்கள். உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கும். டேப்பட் கவர் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் தகடு வளைந்து இன்னும் கசியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். பானட்டைத் திறக்கும் பெண்கள் தலைப்பையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள், அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்றால் என்ஜின் போய்விடும்.

கடைசியாக, பட்டறை வைத்திருக்கிற, ஆஸ்பத்திரியில் இருக்கிற, ஆபீஸில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எதிரில் நிற்பவர் வயதான பெண்ணாக இருந்தாலும், கைநாட்டாக இருந்தாலும், “சொன்னா புரியாது” என்று சொல்லாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை நீங்கள் கேட்டதில்லை. உங்களுக்குப் புரிகிற வரைக்கும் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.

நான் எழுதியதில் தொழில் தெரிந்தவர்கள் கண்ணுக்குத் தப்பு பட்டால் கீழே திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன். வண்டியை விற்கச் சொல்லிக் கமென்ட் போடுகிறவர்கள் மட்டும் முதலில் அவரவர் வண்டியின் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்