ஏரிக்கரையில் ஓர் இரவு

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றே. ஓசூர்ச் சாலையில் பேருந்தேறுதல், சொந்த ஊர் சேர்தல், உறவினர் இல்லங்களில் இரண்டு நாள் தங்குதல், மூட்டை முடிச்சுகளுடன் மீளுதல். இது வேண்டுவதே, உறவு பேணாதவர் ஊரையும் பேணார். எனினும் ஆண்டில் ஓரிரவேனும் பெற்றோரும் மக்களும் நீர்நிலை ஒன்றின் அருகே கூடாரமடித்துத் தங்கி வருதல் நன்று என்பதை இத்திங்கள் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பொம்மனஹள்ளியில் நம்மவர் பலர் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் வாழ்பவர்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குத் தாய் ஒரு நேரத்தில் செல்வாள். தந்தை வேறு நேரத்தில் வீடு திரும்புவார். அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் வேளை அரிது. மக்களுக்கோ இரவு வானம் இரண்டு மாடிகளுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுதான். நம் பாட்டன்மார் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலாகவும், பரண்மீது தினைக்குக் காவலாகவும் விண்மீன்களின்கீழ் உறங்கியவர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. நம் பிள்ளைகளுக்கு அது கல்வியாகும்.

நம் பகுதிக்கு அண்மையில் மடிவாளா ஏரி உண்டு. அகரம் ஏரியும் உண்டு. ஆயின் நகர ஏரிப் பூங்காக்கள் காலையிலும் மாலையிலும் உலாவுதற்கே உரியன. இரவில் தங்குதற்கு அல்ல. தங்க விரும்புவோர் நகருக்கு மேற்கே, அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைந்த மஞ்சனபெலே நீர்த்தேக்கத்தின் சுற்றுப்புறம் செல்லலாம். அங்குள்ள தனியார் தோட்டங்கள் சிலவற்றில் கட்டணம் பெற்றுக் கூடாரமும் உணவும் தருகின்றனர். இசைவு பெற்ற இடம்தானா என்பதை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

செல்வோர்க்குச் சில சொற்கள். மேடான, சமமான நிலத்தில் கூடாரத்தை அடியுங்கள். பள்ளத்திலும் நீரோடிய தடத்திலும் அடித்தால் ஒரு மழைக்கே படுக்கை நனையும். பட்டுப்போன கிளையின்கீழ் அடிக்கலாகாது. தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பாயும் கம்பளியும் இடுங்கள். இரவில் குளிர் மேலிருந்து வருவதினும் மண்ணிலிருந்து வருவதே மிகுதி. கரியடுப்பைக் குளிருக்கென்று கூடாரத்தினுள் வைத்தலே கூடாது. அதிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழப்பர்.

அனைத்தினும் முதன்மையானது, நீர்த்தேக்கத்தில் இறங்காமை. மஞ்சனபெலேயில் நீராட இறங்கிய இளைஞர் பலர் மாண்டுள்ளனர். கரையோரம் முழங்கால் அளவே போலத் தோன்றும். அடுத்த அடியில் சேறும் பள்ளமும் இருக்கும். நீந்தத் தெரிந்தவரையும் சேறு விடாது. கரையில் குழந்தைகளைக் கண்காணிக்கப் பெரியவர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை.

மாலையில் கரைமேல் அமர்ந்திருக்கும்போது பிள்ளைகள், "அப்பா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்கக்கூடும். அவ்வினாவை வீணாக்காதீர்கள். அர்க்காவதி கனகபுரத்திற்கு அப்பால் சங்கமம் என்னுமிடத்தில் காவிரியோடு கலக்கின்றது. அக்காவிரியே 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணைக்கு வருகின்றது.

நம் வீட்டு வாயிலிலிருந்து செல்லும் நீரின் வழியையும் கூறுங்கள். பெங்களூர் மேட்டுநிலம், அதன் கிழக்குச் சரிவின் நீர் ஏரிக்கு ஏரி இறங்கிச் செல்லும். மடிவாளா ஏரி நிரம்பினால் அகரத்திற்கும், அகரம் நிரம்பினால் பெல்லந்தூருக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும் சென்று, பின் தென்பெண்ணையை அடைகின்றது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே கடல் சேர்கின்றது. கிருஷ்ணகிரி அணை ஒன்றே ஏறத்தாழ 9,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது. நாம் பிழைப்புத் தேடி எந்தத் திசையிலிருந்து வந்தோமோ, அந்தத் திசைக்கே நம் தெருவின் நீர் திரும்பிச் செல்கின்றது.

எந்நிலையில் செல்கின்றது என்பதே வருத்தம் தருவது. 2017-இலும் 2018-இலும் பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றியதை நாடறியும். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் சலவைத்தூளும் கலந்த நீர், கெலவரப்பள்ளி மதகுகளில் வெண்ணுரையாய்ப் பொங்கிய காட்சியைச் செய்தித்தாள்களில் பலமுறை கண்டோம். அந்நுரை பரவிய வயல்களில் நம் உறவினர் வயலும் இருக்கலாம். கழிவுநீரைச் சுத்திகரித்தல் அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் குடிகளின் கடமை. வாடகைக்குக் குடியிருப்போரும் குடிகளே என்பதை மறத்தலாகாது.

மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. இன்றைய பேகூராகிய வேப்பூரைச் சேர்ந்தவர், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கொடையளித்த செய்தியை அது உரைக்கின்றது. உரிமை கொண்டாடுதற்காக இதனை நினைவூட்டவில்லை. ஏரியைக் கொண்டே நிலத்தை அடையாளம் சொல்லி, கன்னடரும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்ந்த மண் இது. வந்த இடத்து ஏரியைக் காப்பவரே வந்த இடத்திற்கு உரியவராவர்.

ஆகவே, கூடாரத்திற்குச் செல்லும் குடும்பம் ஒரு வழக்கத்தைப் பழகி வரட்டும். பாத்திரம் துலக்குவதும் கைகால் கழுவுவதும் கரையிலிருந்து 200 அடிக்கு அப்பால், முகந்து சென்ற நீரில் நடைபெறட்டும். சவர்க்காரம் ஏரியைத் தொடவேண்டாம். கொண்டு சென்ற இலையும் உறையும் புட்டியும் பையோடு திரும்பட்டும். அடுப்புத் தீயை நீரூற்றி, கையால் தொட்டுப்பார்த்து, தணிந்தபின் புறப்படுங்கள். ஓரிரவு அங்கே இவ்வாறு பழகிய பிள்ளை, மறுநாள் நம் தெருவில் கால்வாயினுள் குப்பை எறியக் கை ஓங்காது. ஊரிலிருக்கும் தாத்தாவின் வயலுக்குச் செல்லும் நீர் அது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.