கடைசிச் சீட்டு யாருக்கு?



ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நம் பெண்கள் கட்டும் மாதச் சீட்டில் வட்டி கிடையாது. கட்டிய காசே கைக்கு வரும். (ஏலச் சீட்டு வேறு, அதை விட்டுவிடுங்கள்.) ஆனால் கடைசியாக எடுப்பவரின் நிலை என்ன? 2022 செப்டம்பரில், கொழும்புக் கணக்கின்படி, உணவுச் சாமான்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. முதல் சீட்டெடுத்தவர் வாங்கிய உணவுச் சாமானில் ஏறத்தாழப் பாதிதான் அதே காசுக்குக் கடைசிச் சகோதரிக்குக் கிடைத்திருக்கும். கொடுத்தவரும் ஏமாற்றவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை, காசுதான் தேய்ந்தது.

ஆகவே சீட்டை ஆறு மாதத்தில் முடியுங்கள். எடுத்த காசில் தங்கம் வாங்குவதானால் கல் வைத்த நகை வேண்டாம். விற்கும்போது கல்லுக்கும் கூலிக்கும் காசு தரமாட்டார்கள். அணியாமல் சேமித்து வைத்த தங்கம் 85 கிராமை எட்டி ஒரு வருடம் கடந்தால், அதற்கு ஸகாத்தும் உண்டு.