பெயர் தெரியாத பதக்கம், ஆள் தெரியாத சீருடை: மியூசியங்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

2023 ஆகஸ்டில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து ஓர் அதிர்ச்சித் தகவல் வந்தது. சேமிப்பு அறையில் இருந்த சுமார் 2,000 பொருட்கள் திருடப்பட்டோ, காணாமல் போயோ, சேதமடைந்தோ இருக்கலாம் என்று நிர்வாகமே சொன்னது. இயக்குநர் பதவி விலகினார். திருட்டு நடந்ததைவிட இன்னொரு விஷயம்தான் பலரை யோசிக்க வைத்தது. போனவற்றில் பல, முறையாகப் பட்டியலிடப்படாத சின்னச் சின்னப் பொருட்கள். பட்டியலிலேயே இல்லாத பொருள் காணாமல் போனால், போனது யாருக்குத் தெரியும்?

ராணுவப் பதக்கங்களும் சீருடைகளும் இதே ஆபத்தில்தான் இருக்கின்றன. பல மியூசியங்களில் 'பழைய பதக்கம் - 1', 'காக்கிச் சட்டை - 2' என்ற அளவில்தான் பதிவு இருக்கும். யாருடையது, எந்தப் போர், எந்தப் படை என்ற எதுவும் இருக்காது. இந்த மர்மத்தை எப்படி உடைக்கிறார்கள்? பிரிட்டிஷ் இந்திய ராணுவப் பதக்கங்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, விளிம்பை

பதக்கத்தைக் கையில் எடுத்ததும் எல்லோரும் அரசர் தலையைத்தான் பார்ப்போம். நிபுணர்கள் பார்ப்பது விளிம்பை. முதல் உலகப்போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல் இரண்டிலும் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 1914-15 ஸ்டார் பதக்கத்தில் அதே விவரம் பின்புறத்தில் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் கதை மாறுகிறது. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போரின் ஸ்டார் பதக்கங்கள் பெயர் இல்லாமலே வழங்கப்பட்டன. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுக்கப்பட்டன. அதனால், ஒரு பர்மா ஸ்டாரில் பெயர் இருந்தால் அது இந்திய வீரருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூடவே இந்தியா சர்வீஸ் மெடலும் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். அது இந்தியப் படையினருக்கு மட்டுமே தரப்பட்ட பதக்கம்.

63 என்ற எண்ணும் பாளையங்கோட்டையும்

விளிம்பில் '63 பாளம்கோட்டா எல்.ஐ.' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நம்ம திருநெல்வேலிப் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி. இந்த எண் ஒன்றே காலத்தையும் சொல்லிவிடும்.

எப்படி? 1903-ல் கிச்சனர், இந்திய ராணுவப் படைப்பிரிவுகளுக்கு வரிசையாகப் புது எண்கள் கொடுத்தார். மெட்ராஸ் படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அதுவரை 3-வது மெட்ராஸ் காலாட்படையாக இருந்தது 63 ஆனது. 1922-ல் மீண்டும் பெரிய சீரமைப்பு வந்தபோது அந்த எண்ணும் பெயரும் மறைந்தன. ஆக, '63' என்று இருந்தால் அந்த வீரர் 1903-க்கும் 1922-க்கும் நடுவில் அங்கே இருந்தவர்.

இந்தப் படைப்பிரிவு 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கிப் போரிட்டது. இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த ஜெர்மன் தரப்பிடம் பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே தோற்றது. அந்தத் தோல்வியில் சிக்கியவர்களில் ஒருவரின் பதக்கம் 'பழைய பதக்கம் - 1' என்று கிடந்தால், தென் தமிழ்நாட்டையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் ஒரு சான்று டப்பாவுக்குள்ளேயே தொலைந்துவிடும்.

கிரீடமும் லத்தீனும்

பெயரே இல்லையா? அப்போ வடிவமைப்பைப் படிக்க வேண்டும்.

- அரசர் யார்: விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1952 வரை.
- லத்தீன் எழுத்து: அரசரின் பட்டத்தில் 'இண்ட் இம்ப்' என்று சுருக்கமாக இருந்தால் 'இந்தியப் பேரரசர்' என்று பொருள். 1948 ஜூனில் இந்தப் பட்டம் கைவிடப்பட்டது. எனவே அந்த இரண்டு சொற்கள் உள்ள வடிவமைப்பு அதற்கு முந்தையது.
- கிரீடத்தின் வளைவு: 1901-க்குப் பிறகு வந்த பேட்ஜ், பட்டன்களில் மேல் வளைவு உருண்டையாக இருக்கும். எலிசபெத் ராணி காலத்தில் நடுவில் பள்ளம் விழுந்த வடிவம் வந்தது. சார்லஸ் மன்னர் மறுபடியும் உருண்டை வடிவத்துக்கே போயிருக்கிறார் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.
- அசோகச் சிங்கம்: 1950-ல் குடியரசானதும் இந்திய ராணுவச் சின்னங்களில் கிரீடத்தின் இடத்துக்கு சிங்கம் வந்தது.

உலோகமும் பேசும். பிரிட்டிஷ் வார் மெடல் பெரும்பாலானோருக்கு வெள்ளியில் கொடுக்கப்பட்டது. சீன, இந்தியத் தொழிலாளர் படையினர் உள்ளிட்ட சிலருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில்தான் கிடைத்தது. ஒரே போர், ஒரே வடிவம், வேறு உலோகம். யாருக்கு எவ்வளவு மதிப்பு கொடுத்தார்கள் என்பதை உலோகமே காட்டிக்கொடுக்கிறது.

காணாமல் போன பதக்கமும் ஒரு தடயம்

விக்டரி மெடல் யாருக்கும் தனியாகக் கொடுக்கப்படவில்லை. அதை வாங்கியவருக்கு வார் மெடலும் உண்டு. எனவே டப்பாவில் விக்டரி மெடல் மட்டும் இருந்தால், அதன் ஜோடி எங்கோ பிரிந்திருக்கிறது.

பெரும்பாலும் பிரிவது வெள்ளிதான். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. அப்போது ஏராளமான வார் மெடல்கள் உருக்கப்பட்டன. விற்றவர்களுக்கு அது வெறும் வெள்ளி. அதோடு ஒரு பெயரும் உருகிப்போனது.

சீருடையை எப்படிப் படிப்பது?

சீருடையில் பெயர் கிடைப்பது கஷ்டம். ஆனால் தடயங்கள் அதிகம்.

முதலில் உள்பாக்கெட். அதிகாரிகளின் சீருடையில் தையல்காரரின் லேபிளும், அதில் பெயரும் தேதியும் இருப்பது உண்டு. அடுத்து பட்டனின் பின்புறம். அங்கே தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கும். நிறுவனங்கள் காலப்போக்கில் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டதால், அதை வைத்துக் காலத்தைக் குறுக்கலாம். ஆனால் பட்டனை யார் வேண்டுமானாலும் பின்னாளில் மாற்றித் தைத்திருக்கலாம், ஜாக்கிரதை.

பேட்ஜ் கழற்றப்பட்ட இடத்தில் துணி வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். ஊசித் துளைகளும் தெரியும். இல்லாத பேட்ஜின் அளவையும் வடிவத்தையும் அந்த நிழலை வைத்தே ஊகிக்கிறார்கள்.

மார்பில் ரிப்பன் பட்டைகள் இருந்தால் அதுவே ஒரு பயோடேட்டா. உயர்ந்த விருது உடலின் நடுப்பகுதிக்கு, அதாவது பட்டன் வரிசைக்கு அருகில் இருக்கும். நிறங்களையும் வரிசையையும் படித்தால் அந்த வீரர் எந்தெந்தப் போர்க்களத்தில் இருந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

போலியா, அசலா?

சந்தையில் போலிகள் நிறைய. இரண்டு வகை பொதுவானவை. ஒன்று, பதக்கமே போலி. இன்னொன்று, பதக்கம் அசல், பெயர் போலி. பழைய பெயரை ராவி அழித்துவிட்டு, புகழ்பெற்ற ஒரு போரில் இருந்தவரின் பெயரைப் பொறித்துவிடுவார்கள். ராவினால் விளிம்பு லேசாகத் தேயும் என்பதால் மைக்ரோமீட்டரில் விட்டத்தை அளந்து பார்க்கிறார்கள். எழுத்தின் பாணி அந்தக் காலத்து அதிகாரபூர்வப் பாணியோடு பொருந்துகிறதா என்றும் ஒப்பிடுகிறார்கள்.

துணிக்குப் புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டும் ரசாயனங்கள் அந்த ஒளியில் நீலமாக ஒளிரும். 1914 சீருடையின் தையல் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகம் வரும். அதே ரசாயனம் சலவைப் பவுடரிலும் இருக்கிறது. வீட்டில் யாராவது நல்லெண்ணத்தில் துவைத்துவைத்திருந்தால் அசல் சீருடையும் ஒளிரும். ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

பெயர் கிடைச்சாச்சு, ஆள் கிடைப்பாரா?

உண்மையான சிக்கல் இங்கேதான். முதல் உலகப்போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். 70,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பதக்கத்தில் இந்திய வீரருக்குப் பல நேரம் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அதுவும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங். ஒரே ரெஜிமென்டில் பத்து முனுசாமிகள் இருந்தால் யார் இவர்? வீரரின் எண் மட்டுமே காப்பாற்றும்.

இறந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை ஆன்லைனில் தேடலாம். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயர், கிராமம், மாவட்டம் வரை அதில் இருக்கிறது. உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் கடினம். போரில் பிழைத்தவர், ஆவணத்தில் தொலைந்துபோகிறார்.

பிரிட்டனிலேயே நிலைமை முழுமையாக இல்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டில் முதல் உலகப்போர் வீரர்களின் பணிப் பதிவுகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின.

ஆனால் நம்பிக்கை தரும் உதாரணமும் இருக்கிறது. பஞ்சாப் அரசு 1919-ல் தொகுத்த பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் சுமார் 97 ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தன. அவற்றில் சுமார் 3,20,000 வீரர்களின் விவரம் கிராமவாரியாக இருந்தது. 2021 நவம்பரில் முதல் கட்டமாக மூன்று மாவட்டங்களின் பதிவுகள் டிஜிட்டலாக வெளியானபோது, பல குடும்பங்கள் தங்கள் முன்னோரை அதில் தேட முடிந்தது. அதாவது விடை வெளியே எங்கும் இல்லை, இன்னொரு மியூசியத்தின் அலமாரியிலேயே இருந்தது.

போட்டோ எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் போதாதா?

பாதி வேலை நடக்கும். பதக்கத்தின் வகையைப் பெரும்பாலும் சொல்லிவிடும். லட்சக்கணக்கில் அச்சான பதக்கத்தில் இந்த ஒன்று யாருடையது என்பதைச் சொல்லாது. அதற்கு விளிம்பும், படைப்பிரிவு வரலாறும், பழைய பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

உங்கள் வீட்டு பீரோவில் ஒன்று இருந்தால்?

- பாலிஷ் போடாதீர்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விளிம்பு எழுத்து அழியும்.
- ரிப்பனைக் கழற்றாதீர்கள். வரிசையை மாற்றாதீர்கள்.
- முன், பின், விளிம்பு முழுவதையும் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.
- பழைய சீருடையைத் துவைக்காதீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக், டி.டி.டி. போன்றவை தெளிக்கப்பட்டிருக்கலாம்.
- யாருடையது, எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.
- விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முன் விசாரியுங்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தொல்பொருளாக வரையறுக்கிறது. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் அந்த வயதைத் தொட்டுவிட்டன.

பிரிட்டிஷ் மியூசியம் அந்தத் திருட்டுக்குப் பிறகு, தன் மொத்தச் சேகரிப்பையும் ஐந்து ஆண்டுகளில் டிஜிட்டலாகப் பதிவுசெய்வதாக அறிவித்தது. பெரிய பட்ஜெட் உள்ள இடத்துக்கே இந்த நிலை என்றால், சிறிய மியூசியங்களுக்கு? அங்கே ஒரு போன் கேமராவும், எண்ணையும் எழுத்தையும் பொறுமையாகக் குறித்துவைக்கும் ஒருவரும் இருந்தாலே வேலை தொடங்கிவிடும். 'பழைய பதக்கம் - 1' என்ற வரிக்குப் பதிலாக ஒரு பெயரும் ஊரும் எழுதப்பட்டால், அந்தப் பொருளைத் திருடுவதும் கஷ்டம், மறப்பதும் கஷ்டம்.