மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஓர் அப்பா-மகன் வழக்கு

குலைநோய், வேர்ப்புழு, நுண்ணூட்டம் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இந்த முறை ஒரு கார் கேள்வி வந்திருக்கிறது. ‘இது நமக்கு எதற்கு?’ என்று ஒதுக்கி வைக்கத்தான் நினைத்தேன். ஆனால், கடைசி வரியில் டிராக்டரைப் பற்றியும் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியில் கை, கால் போகிற விஷயம் இருக்கிறது. அதனால் முழுக் கடிதத்துக்கும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: “எங்கள் வீட்டில் தறியும் உண்டு, இரண்டு ஏக்கர் நெல்லும் உண்டு. ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் மகன், கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வண்டி. கிளட்ச் பெடலே கிடையாது. ‘டி’யில் போட்டால் தானாக கியர் மாறுகிறது. லிவரை ‘எம்’ பக்கம் தள்ளினால் கியரை நாமே கூட்டலாம், குறைக்கலாம். இருபது வருஷம் டிராக்டர் ஓட்டியவன் நான். மேனுவலில் ஓட்டினால்தான் கிளட்ச் உழைக்கும் என்கிறேன். மகன் ஆட்டோமேட்டிக்கே நல்லது என்கிறான். போன மாதம் நான்கு மூட்டை நெல்லோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, எதிரே வண்டி வந்ததால் பாதி மேட்டில் நின்றோம். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று விளக்கு எரிந்தது. கிளட்சையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் பெரிய தொகை சொல்கிறார். யார் சொல்வது சரி? அடுத்து டூயல் கிளட்ச் டிராக்டர் ஒன்று வாங்க எண்ணம். அதுவும் இதே மாதிரிதானா?”

– ஒரு வாசகர், திருப்பருத்திக்குன்றம்

பதில்: ஐயா, நான் படித்தது வேளாண்மை, இன்ஜினீயரிங் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் தேய்வதற்கு மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பேதம் கிடையாது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் தேயாது. முழுதாக விட்டிருந்தாலும் தேயாது. பாதி பிடித்து, பாதி வழுக்கும்போதுதான் தேயும், சூடாகும். அதை எந்த மோடில் செய்தாலும் நஷ்டம் ஒன்றுதான்.

உங்கள் தறியை நினைத்துக்கொள்ளுங்கள்

தறியில் இரண்டு மிதி. ஒரு காலை அழுத்தினால் பாவில் ஒரு பாதி ஏறுகிறது, நாடா ஓடுகிறது. மறு காலை அழுத்தினால் அது இறங்கி, மறு பாதி ஏறுகிறது. ஒரு கால் வேலை செய்யும்போதே மறு கால் தயாராக இருப்பதால் நெசவு தடைபடுவதில்லை.

இந்தக் கியர்பாக்ஸும் அப்படித்தான். ஒரு கிளட்ச் 1, 3, 5 என்று ஒற்றைப்படை கியர்களுக்கு. இன்னொரு கிளட்ச் 2, 4, 6 என்று இரட்டைப்படை கியர்களுக்கு. இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியரைக் கம்ப்யூட்டர் போட்டு வைத்துவிடும். ஒரு கிளட்ச் விடும், மறு கிளட்ச் பிடிக்கும். வண்டியின் இழுவை குறையாமல் கியர் மாறிவிடும்.

இந்த யோசனையை 1930-களின் இறுதியிலேயே சொன்னவர் பிரான்ஸ் நாட்டு இன்ஜினீயர் அடோல்ஃப் கெக்ரஸ். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். பனியில் புதையாமல் ஓட, காருக்கு ரப்பர் பெல்ட் போட்டவரும் அவர்தான். சேற்று வயலில் இறங்கும் நம் பெல்ட் அறுவடை இயந்திரத்துக்கு அந்த வண்டிகள் ஒரு வகையில் முன்னோடி. ஆனால், சொன்ன வேகத்தில் கிளட்சை இயக்கக் கம்ப்யூட்டர் வர வேண்டியிருந்தது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் இது விற்பனைக்கு வந்தது 2003-ல்தான்.

ஐயா, இங்கேதான் உங்கள் வாதம் அடிபடுகிறது. ‘எம்’ மோடில் போட்டாலும் கிளட்ச் உங்கள் கைக்கு வருவதில்லை. எந்த கியர் என்று மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். கிளட்சைப் பிடிப்பதும் விடுவதும் அப்போதும் கம்ப்யூட்டர்தான்.

ஏரிக்கரையில் நடந்தது என்ன?

மூட்டைக்கு 75 கிலோ என்றால் நான்கு மூட்டை 300 கிலோ. அதற்கு மேல் நீங்கள் இருவர். அந்தச் சுமையோடு மேட்டில் நின்றபோது, வண்டி பின்னால் போகாமல் இருக்கத் தம்பி ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடித்திருப்பார். வண்டி அசையவில்லை, ஆனால் உள்ளே கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கும். சூடாகாமல் என்ன செய்யும்?

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறை ஜீப்பை ஏரிக்கரையில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி, கரையில் நின்ற விவசாயியிடம் நாற்றங்கால் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை வந்தபோதுகூட யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். மறுநாள் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் காட்டினார்கள். கரிக்கட்டையாக இருந்தது. அது சுத்தமான மேனுவல் வண்டி, ஐயா!

எப்போது எந்த மோடு?

ஊருக்குள்ளும் நேர் சாலையிலும் ‘டி’ போதும். பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்வரத் தம்பி சொல்வதுதான் சரி.

காந்தி ரோட்டில் முகூர்த்த நாள் நெரிசல், கருட சேவை கூட்டம் என்றால், முன் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகராதீர்கள். பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள். அழுத்தி நின்றால் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் விட்டுவிடும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்ததும் ஒரே மூச்சாக நகருங்கள். ஒன்று, இரண்டு என்று கியர் மாறி மாறி விழுந்தால் ‘எம்’மில் ஒன்றாம் கியரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் கியரில் வைத்து ஊர்ந்தால் வழுக்கல் அதிகம். வெகு நேரம் நிற்பதானால் ‘என்’னில் போட்டுக் கைபிரேக்.

மேட்டில் நிற்க பிரேக் மட்டுமே. ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கக் கூடாது. கைபிரேக் போட்டு, கிளம்பும்போது விடுங்கள்.

ஏலகிரி மாதிரி மலைக்குப் போனால் நீங்கள் சொல்வதுதான் சரி. 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது ‘எம்’மில் இரண்டாம் கியரில் வையுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் ஆபத்து குறையும். ஏறும்போதும் கியர் அடிக்கடி மாறாமல் இருக்க ‘எம்’ உதவும்.

வண்டி முழுதாக நிற்காமல் ‘டி’யிலிருந்து ‘ஆர்’ போடக் கூடாது. சூடு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, ‘பி’யில் போட்டு ஆற விடுங்கள்.

மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். ஒரு முறை சூடானதற்காக உடனே கிளட்சை மாற்ற வேண்டியதில்லை. ஸ்கேனர் வைத்து, பதிவான பிழை என்ன, கிளட்ச் தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது உதறல், கியர் விழுவதில் தாமதம், இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமை இருந்தால்தான் செலவு. இல்லையென்றால் பழக்கத்தை மாற்றுங்கள். நெல் மூட்டையை டிரெய்லரில் ஏற்றுங்கள்.

டிராக்டர் டூயல் கிளட்ச் வேறு!

பெயர் ஒன்று, வேலை வேறு. டிராக்டரில் பெடல் ஒன்றுதான், அழுத்தம் இரண்டு கட்டம். பாதி அழுத்தினால் சக்கரத்துக்குப் போகும் சக்தி நிற்கும். பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தினால்தான் இரண்டும் நிற்கும். வைக்கோல் கட்டும் பேலரில் குவியல் சிக்கினால், வண்டியை நிறுத்தி, பேலரை ஓட விட்டு விழுங்க வைக்கலாம். ரோட்டவேட்டருக்கும் வசதி. கலப்பை, டிரெய்லர் மட்டும் என்றால் சிங்கிள் கிளட்சே போதும்.

ஆபத்தும் அதே வசதியில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நவரை அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிய வயலில் ஓர் இளைஞர் மூன்று விரல்களை இழந்தார். ஓட்டியவர் பெடலைப் பாதி அழுத்தியிருந்தார். சக்கரம் நின்றதைப் பார்த்து, எல்லாம் நின்றுவிட்டது என்று பின்னால் இருந்தவர் வைக்கோலை இழுக்கக் கை நீட்டிவிட்டார். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. கையை இழுத்துக்கொள்ள எந்த மனிதனாலும் முடியாது.

ஆகவே பேலரிலோ ரோட்டவேட்டரிலோ கை வைக்கும் முன் பி.டி.ஓ. லிவரை விலக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பி.டி.ஓ. தண்டுக்கு உறை இல்லாமல் ஓட்டாதீர்கள். வேட்டி நுனியும் துண்டும் அதற்குப் போதும்.

பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டுவதும், வேகம் குறைக்கக் கியரைக் குறைக்காமல் பெடலைப் பாதி அழுத்துவதும் நம் பக்கத்துப் பழக்கம். கிளட்சைத் தின்பது இதுதான். பெடலின் தொய்வு கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

இன்னொன்று, ஐயா. இரண்டு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்ட வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்குப் பதிவு செய்யலாம். கார் கடன் ஒன்று ஓடும்போது, இன்னொரு கடனுக்கு அவசரம் வேண்டாம்.

சமவெளியில் தம்பி சொல்வது சரி, மலையில் நீங்கள் சொல்வது சரி. ஏரிக்கரையில் இருவருமே தப்பு! இந்தப் பக்கத்தை மகனிடமும் படிக்கக் கொடுங்கள். டிராக்டரில் பின்னால் நிற்கும் ஆளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த இதழில்: சொர்ணவாரிக்கு ஏரித் தண்ணீர் போதாதபோது என்ன பயிர் வைக்கலாம்?