நீச்சல் தடாகமும் பொது ஒழுக்கமும்

பங்குக் கிணற்றில் நீர் இறைத்த ஊர்களில் பிறந்தவர்க்கு 'முறை' என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இன்னார், இன்ன நாளில், இன்ன பொழுதில் துலா மிதிக்கலாம் என்பது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பலர்க்கு எழுதாச் சட்டமாய் இருந்தது. நீர் பொதுவாயின் முறை வேண்டும். முறை இல்லையாயின் நீர் இருந்தும் பயன் இல்லை. இவ்வுண்மையை ஊர்க் கிணற்றடியில் நன்கறிந்திருந்த நம்மவர், கொழும்பு மாநகரத்து நீச்சல் தடாகத்தில் இறங்கியவுடன் அதனைக் கரையிலே கழற்றி வைத்துவிடுகின்றனரோ என ஐயுற வேண்டியிருக்கின்றது.

விழா மலரில் எழுதத் தக்க பொருள் இதுதானோ எனச் சிலர் நகைக்கலாம். கல்லூரியின் வரலாற்றையும் அதன் பெரியோர் புகழையும் எழுத வல்லார் பலர் உளர். யாம் சிறிய பொருளொன்றையே எடுத்துக்கொள்ளுகின்றோம். பெரிய மேடைகளில் எல்லாரும் நல்லவரே. சிறிய இடங்களிலேதான் ஒருவர் கற்ற கல்வி வெளிப்படுகின்றது.

வெள்ளவத்தையில் வாழ்வோர்க்குக் கடல் அண்டை வீடு போன்றது. காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையில் மேற்கே இறங்கினும் புகையிரதப் பாதைக்கு அப்பால் அலையோசை கேட்கும். கின்றோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் 1941 ஆம் ஆண்டு அக்கரையிலே தோன்றியது. ஆயினும், வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கடல் கற்றுக்குட்டிகளுக்கு உரியதன்று. கொட்டாஞ்சேனையாரின் நிலை வேறு. அவர்களுடைய கடலைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது. ஆகவே இரு பகுதிப் பிள்ளைகளும் பாதுகாப்பாக நீந்தக் கற்க வேண்டுமாயின் தடாகத்தையே நாட வேண்டும். தடாகங்களோ சில, நாடுவோரோ பலர். பாடசாலை விட்டபின் மாலை வேளையில் ஒரே நீரிற் சிறுவர், முதியோர், போட்டிக்குப் பயில்வோர், வைத்தியர் சொல்லால் வந்தோர் அனைவரும் கூடுகின்றனர். தொல்லைகளும் அங்கேயே தொடங்குகின்றன. பின்வருவன எந்த ஒரு தடாகத்தையும் சுட்டுவன அல்ல, எங்கும் காணப்படுவன.

முதலிற் சிறிது கணக்குப் பார்ப்போம். போட்டித் தடாகத்தின் நீளம் 50 மீற்றர். மிதவைக் கயிறுகளால் வகுக்கப்பட்ட ஒரு பாதையின் அகலம் 2.5 மீற்றர். வளர்ந்த ஒருவர் இரு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய 1.7 மீற்றர். எதிரெதிரே வரும் இருவர் பாதையின் நடுவே நீந்துவரேல் கை கையோடு மோதாமல் தப்புவது அரிது. இருவரும் தத்தம் பக்கத்தைப் பற்றி, வட்டமாகச் சென்று வருவரேல் அதே பாதையிற் பத்துப் பேர் தாராளமாக நீந்தலாம். சென்று மீளும் சுற்று 100 மீற்றர். ஒவ்வொருவர்க்கும் 10 மீற்றர் இடைவெளி கிடைக்கும். அவுஸ்திரேலியாவில் இடப்பக்கம் பற்றி நீந்துவர், அமெரிக்காவில் வலப்பக்கம். எப்பக்கம் என்பது பெரிதன்று. எல்லாரும் ஒரே பக்கம் என்பதே பெரிது. வீதியில் இதனை அறிந்து வண்டி ஓட்டும் பெரிய மனிதர், நீரில் இறங்கியதும் நடுப்பாதை தமக்கே உறுதி எழுதித் தரப்பட்டதுபோல் நீந்துவதன் மர்மம் யாதோ!

இனி, தடாகத்தின் சுவரைத் திண்ணையாகக் கொள்வார் ஒரு சாரார். நால்வர் தோளோடு தோள் சேர்ந்து நின்று காணி விலை பேசுவர். மகளின் திருமணம் பேசுவர். நீந்தி வருபவர் திரும்புவதற்குச் சுவரில் ஒரு சாண் இடம் இராது. ஒருவர் களைப்பாறுவதை யாம் குறை கூறவில்லை. மூலையில் ஒதுங்கி நின்று ஆறலாம். சுவரின் நடுவிடம் திரும்புவோர்க்கு உரியது. வேறு சிலர் பாதையின் பாதித் தூரத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பர். பின்னே வருபவர் அவர் முதுகில் மோதிய பின்னரே அங்கே ஒருவர் நிற்பதை அறிவார். மிதவைக் கயிற்றின்மேல் ஊஞ்சலாடுவோரையும், நீந்துவோரின் தலைக்கு மேலாகக் குதிப்போரையும் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவர்களுட் பெரும்பாலார் சிறுவர், சொன்னாற் கேட்பர். வளர்ந்தோரே கேளார்.

எண்ணெய்க் குளியல் நம் பழைய வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. அவ்வெண்ணெய்த் தலையோடு பொதுத் தடாகத்தில் இறங்குவது நல்லதன்று. இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கண்ணைச் சிவக்கச் செய்வதும் மூக்கை உறுத்துவதும் தடாகத்தில் இட்ட குளோரினின் மிகுதியே என எண்ணுகின்றனர். உண்மையில், அக்குளோரின் மனிதரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் குளோரமீன் என்னும் பொருள்களே பெரும்பாலும் அவ்வுறுத்தலுக்கும் அந்நெடிக்கும் காரணம். நெடி மிகுந்த தடாகம் மருந்து மிகுந்த தடாகம் அன்று. பெரும்பாலும் அழுக்கு மிகுந்த தடாகமே. இறங்குமுன் ஒரு நிமிடம் சவர்க்காரமிட்டு நீராடினால் அத்தொல்லையிற் பெரும்பகுதி நீங்கும். சுவரில் எழுதிய அறிவித்தலைப் படித்தும், இரண்டு துளி நீரைத் தலையிலே தெளித்துக்கொண்டு ஓடி இறங்குவோர் தம் கண்ணுக்கும் பிறர் கண்ணுக்கும் தாமே தீங்கு செய்கின்றனர்.

மெல்ல நீந்துவோரே குற்றவாளிகள் என்று இதுகாறும் படித்தவர் எண்ணிவிடலாகாது. விரைந்து நீந்துவோரின் செருக்கு அதனினும் கொடிது. தண்ணீரைக் கலக்கி எறிந்து, முன்னே செல்லும் முதியவரை உராய்ந்து, கரையேறியபின் "இவர்களுக்கு இங்கே என்ன வேலை?" என முணுமுணுக்கும் இளைஞரை யாம் கண்டிருக்கின்றோம். முந்த விரும்புபவர் முன்செல்பவரின் பாதத்தை ஒருமுறை மெல்லத் தொட, அவர் அடுத்த சுவரில் ஒதுங்கி வழிவிடுவது பல நாட்டு வழக்கம். ஒரு தொடுகை, ஒரு நொடி ஒதுக்கம், பகை இல்லை. தம் மாணாக்கர் அறுவருக்காக மூன்று பாதைகளை அடைத்துக்கொண்டு, சீட்டு வாங்கி வந்த ஏனையோர் அனைவரையும் ஒரே பாதையில் நெருக்கும் பயிற்றுநரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

முறை பேசும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. நம் ஊர்க் கிணறுகளில் முறை இருந்தது. கூடவே, அம்முறையின் பெயரால் இன்னார் கிணற்றடிக்கே வரலாகாது என்ற கொடுமையும் இருந்தது. யாம் வேண்டும் ஒழுங்கு அத்தகையதன்று. தகுதியற்றோரை விலக்குவதற்காக அன்று, அனைவரும் இறங்குவதற்காகவே ஒழுங்கு வேண்டுகின்றோம். ஒழுங்கற்ற தடாகத்திலிருந்து முதலில் விலகுபவர் யார்? வலியோர் அல்லர். காலுதை பட்ட சிறுவன் மறுநாள் வாரான். இடிபட்டு நாணிய பெண்பிள்ளை அம்மாதத்தோடு நின்றுவிடுவாள். ஐம்பது வயதிற் கற்கத் துணிந்த பெரியவர், ஓர் இளைஞனின் ஏளனச் சொல்லைக் கேட்டு நுழைவுச் சீட்டைக் கிழித்தெறிவார். கல்லாது சென்ற இவர்கள் அனைவரும் நாற்புறமும் கடல் சூழ்ந்த, ஆறும் குளமும் நிறைந்த நாட்டில் வாழ்பவர்கள். சுற்றுலா சென்ற பிள்ளைகள் நீரில் மூழ்கினர் என்னும் செய்தியைப் படிக்காத ஆண்டு நமக்கு உண்டா? தடாகத்திற் காட்டும் சிறு பொறுமை எங்கோ ஓர் ஆற்றங்கரையில் ஓர் உயிராய் நிற்கும். இதனாலேயே இப்பொருள் சிறிதன்று என்கின்றோம்.

நீச்சல் நம்மவர்க்குப் புதிய கலையும் அன்று. கீரிமலைக் கேணியிற் குதித்து வளர்ந்தோர் எத்துணையர்! 1954 ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியையும், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டும் நீந்தியே திரும்பிய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனையும் அறியாதார் இலர். 1984 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது ஆனந்தன் உயிர் நீத்தார். அவர்களுக்கு வழிவிட வேண்டிய எவரும் நடுக்கடலில் இலர். நமக்கோ 2.5 மீற்றர் அகலத்தில் ஒன்பது அயலார் உளர். அவர் வென்றது அலையை. நாம் வெல்ல வேண்டியது 'முதலில் நான்' என்னும் எண்ணத்தை.

செய்யத் தக்கன மூன்று. தடாகம் நடத்துவோர் ஒவ்வொரு பாதையின் தலைப்பிலும் 'மெதுவாக', 'நடுத்தரம்', 'விரைவாக' என்று மும்மொழியிலும் பலகை நாட்டி, சுற்றும் திசையை அம்புக்குறியாற் காட்டுதல் வேண்டும். நீச்சல் பயிற்றுவோர் கையுங் காலும் அடிக்கப் பழக்குமுன் முதற்பாடமாக வழிவிடுதலைப் பழக்குதல் வேண்டும். மூன்றாவது, பழைய மாணவ அன்பர்களுக்கு எமது வேண்டுகோள். விழாக்காலத்திற் கட்டடமும் வளைவும் எழுப்புவது மரபு. அதனோடு, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பாதையை வாடகைக்குப் பெற்று, வசதி குறைந்த மாணாக்கர்க்கு நீந்தக் கற்பிக்கும் செலவை ஏற்பீர்களாயின், அது கல்லிற் பெயர் பொறித்தலினும் நெடிது நிற்கும்.

மாணாக்கர்களே, உங்கட்கு ஒரு சொல். அடுத்த முறை தடாகத்தில் இறங்குமுன் உடம்பைக் கழுவுங்கள். பக்கம் பற்றி நீந்துங்கள். சுவரில் இடம் விடுங்கள். உங்களிலும் மெல்ல நீந்துபவரைக் கண்டால், அவரும் கற்க வந்தவர் என எண்ணுங்கள். இந்துக் கல்லூரியிற் பயின்ற பிள்ளை இவன் என்று பிறர் அறிவது சட்டைப்பையிலுள்ள சின்னத்தால் மட்டும் அன்று. சட்டையைக் கழற்றி வைத்த இடத்திலும் அஃது அறியப்படுதல் வேண்டும்.