கடன் தீர்ந்த மறுநாள்

கடைசித் தவணையைக் கட்டி, கணக்கு முடிந்ததற்கான சான்றைக் கையில் வாங்கும் நாளுக்குப் பஞ்சாங்கத்தில் பெயரில்லை. ஆயினும் எளிய இல்லங்கள் பலவற்றில் அதுவே பெருநாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டும் நெஞ்சு அதிராத முதல் மாலை அது. அடகிலிருந்து மீண்ட தாலிக்கொடி, மஞ்சள் கயிறு இருந்த இடத்துக்குத் திரும்பும் நாள் அது. அந்நாளை வாழ்த்துவோர் பலர். அதன் மறுநாளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மீண்ட குடும்பம் நிலைத்து நிற்குமா, மீண்டும் விழுமா என்பது அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது.

ஆண்டு வருவாய் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடின்றி வழங்கப்படுவதே நுண்கடன் என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வரையறுத்தது. அக்குடும்பத்தின் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து மாத வருவாயில் பாதியைத் தாண்டலாகாது என்பதும் அவ்விதியின் கூறு. ஏட்டில் இது பாதுகாப்பு வரம்பு. அடுக்களையில் இதன் பொருள் வேறு. மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் 12,500 ரூபாய் வரை தவணைக்கு எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் வாடகை, பால், பள்ளிக் கட்டணம், மருந்து அனைத்தையும் பார்த்தாக வேண்டும். கடன் தீர்ந்ததும் அந்தப் பாதி வருவாய் ஒரே மாதத்தில் வீடு திரும்புகிறது. இல்லாமையைத் தாங்கப் பழகிய குடும்பத்துக்கு, இந்த வரவைத் தாங்குவது புதிய சோதனை.

சோதனை தானாக வருவதில்லை. அழைத்து வருவோர் உண்டு. தவணை தவறாதவர் என்னும் நற்பெயரே அடுத்த கடனுக்குத் தூதாகிறது. பழைய தொகையைப்போல் இருமடங்கு தருவதாக முகவர் வீடு தேடி வருகிறார். ஒப்புதல் ஆயத்தமாக இருப்பதாகக் கைபேசி ஒலிக்கிறது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் கண்முன் நிற்கின்றன. இத்தனை நாள் அடக்கிவைத்த ஆசையும் உள்ளிருந்து குரல் கொடுக்கிறது. பட்ட துன்பத்துக்கு இதுகூட வேண்டாமா என்னும் அந்தக் குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயத்தைத்தான் கடன் தருவோர் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இக்குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: தவணையை நிறுத்தாதீர்கள். இத்தனை ஆண்டுகள் பிறருக்குக் கட்டிய தவணையை, அதே தேதியில், இனி உங்களுக்கே கட்டுங்கள். முழுவதும் இயலாவிடில் பாதியேனும் கட்டுங்கள். அத்தொகை இல்லாமல் வாழும் பயிற்சி குடும்பத்துக்கு ஏற்கெனவே உண்டு. புதிதாகப் பழக வேண்டியதில்லை.

கணக்கு இதைத் தெளிவாக்கும். மாதம் 5,000 ரூபாய் வீதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் 6.7 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுகள் செலுத்தினால், கட்டிய 3 இலட்சம் ஏறத்தாழ 3,56,800 ரூபாயாகத் திரும்பும். அதே 3 இலட்சத்தை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியவர், மாதம் 9,000 வீதம் ஐந்தாண்டுகளில் 5,40,000 ரூபாயை வட்டியாகவே செலுத்தியிருப்பார். முதல் அப்படியே நிற்கும். ஒரே தொகை, ஒரே காலம். ஒருவர் வீட்டில் அது விதைநெல்லாகிறது. மற்றவர் வீட்டில் விதைநெல்லையும் தின்றுவிடுகிறது.

சேமிக்குமுன் செய்ய வேண்டிய சிறு கடமையும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெற்றவர்கள், கடன் தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தம் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் கடன் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி கட்டளையிட்டுள்ளது. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. கேட்டுப் பெறும் உரிமையைக் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை.

இனிச் சிக்கனம். இச்சொல் நம் இல்லங்களில் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. அனைவரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்பவள், தன் மூட்டுவலிக்கு மருத்துவரைத் தள்ளிப்போடுபவள், கண்ணாடி உடைந்தும் ஓராண்டு ஓட்டுபவள் குடும்பத்தலைவி. கடன் அடைந்ததில் அவளது பட்டினியின் பங்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாகவில்லை. கடன் தீர்ந்தபின்னும் அதே பட்டினி தொடருமாயின் அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது பிழை. சத்துணவையும் மருத்துவத்தையும் குறைத்து மிச்சம் பிடித்த பணம், பின்னாளில் மருத்துவமனைக் கட்டணமாக வட்டியோடு வெளியேறும். ஆதலால் திரும்பி வந்த பணத்தில் முதல் உரிமை அவள் தட்டுக்கும் அவள் உடலுக்கும் உரியது. தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் உள்ளதா என்பதை நோய் வருமுன்னே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டு வருவாய் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டோர்க்கு அது உரியது.

குறைக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. ஊரார் பார்வைக்காகச் செய்யும் செலவே அது. காதுகுத்துக்கு மண்டபம், மஞ்சள் நீராட்டுக்கு வரவேற்புப் பதாகை, தாய்மாமன் சீருக்கு ஊர்வலம் என்று ஒரு நாள் ஒளிக்காக மூன்றாண்டு தவணையை ஏற்ற குடும்பங்கள் எத்தனை! புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டப் பகுதிகளில் ஆடி மாதம் நடைபெறும் மொய் விருந்து இங்கே எண்ணத்தக்கது. வட்டியின்றிப் பலர் கூடி ஒருவருக்கு முதல் திரட்டித் தரும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் மொய் நோட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையே. கூடுதலாகச் செலுத்துவது முறை என்றும் கருதப்படுகிறது. வங்கிக் கடன் தீர்ந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளும் குடும்பம், அந்த நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வினையின் வலி, தன்வலி, மாற்றான் வலி ஆகியவற்றைப் பேசிய வள்ளுவர், அதே அதிகாரத்தில் வரவையும் செலவையும் பேசுகிறார். பொருளின் அளவறிதலைப் பொருளாசையாகக் கொள்ளாமல் வலிமையறிதலாகக் கொண்ட அறிவு அது. தன் வரவின் எல்லையை அறிந்த குடும்பம் எளியதாக இருக்கலாம், மெலியதாக இராது.

இத்தனையையும் குடும்பத்தின் பொறுப்பாக்கிவிட்டு அரசு விலகி நிற்க முடியாது. மிகைவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலும், வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025ஆம் ஆண்டிலும் தமிழகம் சட்டம் இயற்றியது. இவை கடன்பட்டவரின் வாசலைக் காப்பவை. கடன் தீர்ந்தவரின் கலத்தை நிரப்புபவை அல்ல. அதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, உறுப்பினர்கள் தம் சிறுசேமிப்பைத் திரட்டுவதே முதற்படியாக இருந்தது; கடன் அதன் பின்னரே வந்தது. இன்று குழு என்றாலே கடன் பெறும் வாயில் என்ற எண்ணம் பரவிவிட்டது. குழுவின் பெருமையை அது பெற்ற கடன் தொகையால் அளக்கும் வழக்கத்தை அரசும் வங்கிகளும் கைவிட்டு, உறுப்பினரின் சேமிப்பு இருப்பால் அளக்கத் தொடங்க வேண்டும்.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இடும் பிடியரிசி வழக்கம் நம் மூதாட்டியர் அறிந்தது. அந்த ஒரு பிடியால் அன்றைய சோறு குறைந்ததில்லை. வெறுங்கலம் என்ற நாளும் வந்ததில்லை. அடுத்த மாதமும் தவணைத் தேதி வரும். வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். யாரும் கேளாத அந்த நாளில், யாருக்கும் அஞ்சாமல், தாமாகவே அஞ்சலகத்துக்கு நடக்கும் குடும்பமே கடனை உண்மையில் தீர்த்த குடும்பம்.